அகத்தியமலை ஏற்றம்: முதல் நாளை எப்படித் திட்டமிடுவது? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அகத்தியமலைக்குப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் விசாரிப்பது உச்சியைப் பற்றித்தான். கயிறு பிடித்து ஏறும் பாறை எப்படி இருக்கும், மேலே மூடுபனி விலகுமா, எவ்வளவு நேரம் இருக்க விடுவார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். முதல் நாள் நடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இரண்டாம் நாள் உச்சிக்குப் போக முடியாமல் முகாமிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பார்த்தால், அவர்களுடைய பயணம் முந்தைய நாள் மத்தியானமே முடிந்துபோயிருக்கும். காலையில் அவசரமாக நடந்திருப்பார்கள், பை கனத்திருக்கும், தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். செங்குத்தான ஏற்றம் வரும்போது உடம்பில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

அதனால் இந்த வழிகாட்டி முதல் நாளைப் பற்றி மட்டும்தான். போனக்காட்டில் நடக்கத் தொடங்குவதிலிருந்து அதிருமலை முகாமில் இரவு படுக்கும்வரை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்: வெளிச்சம் இருக்கும்போதே, மறுநாளுக்குக் கால் மிச்சமிருக்க, முகாமைச் சேர வேண்டும். மற்ற எல்லாத் தீர்மானங்களும் இதிலிருந்துதான் வரும்.

எப்போது, எந்த வழியாக

அகத்தியமலையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரம். பொதிகை என்று நாம் சொல்லும் மலைத்தொடரின் தலைச்சிகரம் இதுதான். தமிழ்நாட்டு எல்லையிலேயே இருந்தாலும், நம் ஊர்க்காரர்கள் ஏறப் போவது கேரள வனத்துறை திறந்துவிடும் வழியில், திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டிலிருந்து. பெரும்பாலும் ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் தொடக்கம் வரை அனுமதிப்பார்கள். அந்த மாதங்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்தைப் போலவே இந்த மலைகளும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகின்றன. இரண்டும் ஓய்ந்து, கோடைமழை தொடங்குவதற்குள் கிடைக்கும் இடைவெளி இதுதான். பாறை காய்ந்திருக்கும், ஓடைகளைக் கடக்கலாம், அதே சமயம் குடிக்கத் தண்ணீரும் வற்றியிருக்காது.

முன்பதிவு கேரள வனத்துறையின் இணையதளத்தில். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருப்பதால், பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே சனி ஞாயிறு தேதிகள் தீர்ந்துவிடும். வாரநாளை எடுங்கள், கூட்டமும் குறைவு. அசல் அடையாள அட்டை, பதிவுச் சீட்டின் அச்சுப்பிரதி, மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரே உறையில் போட்டு ஒருவர் பொறுப்பில் வையுங்கள். கட்டணமும் நிபந்தனைகளும் ஆண்டுக்காண்டு மாறும், அந்த வருட அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிடுங்கள். பெண்கள் போகலாமா என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது, 2019 பருவத்திலிருந்து பெண்களும் ஏறுகிறார்கள்.

தகுதிச் சான்றிதழைச் சடங்காக நினைத்துக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். "பை சுமந்துகொண்டு ஆறேழு மணி நேரம் மலை ஏறப் போகிறேன்" என்று சொன்னால் அவர் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

ஆறு வாரத்துக்கு முன்பே: மருந்துவாழ்மலை

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பொற்றையடி பக்கத்தில் நிற்கிறதே, அந்த மருந்துவாழ்மலையை விட நல்ல பயிற்சிக்களம் நமக்கு வேறெதுவும் வேண்டாம். சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று பாட்டிமார் சொல்லும் மலை, நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை உள்ள மலை. கீழே படிகள், மேலே போகப்போகப் பாறை. அகத்தியமலை கேட்கிற இரண்டு பழக்கமும் இங்கே கிடைக்கும்: படியில் ஒரே சீராக ஏறுவது, பாறையில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போங்கள். முதல் வாரம் வெறும் நான்கு கிலோவோடு. வாரத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று கூட்டி, கடைசியில் மலைக்குக் கொண்டு போகப்போகிற அதே பையை அதே எடையில் சுமந்து ஏறுங்கள். எடைக்குத் தண்ணீர்ப் பாட்டில்களை வைப்பது நல்லது. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்குச் சுலபம், முழங்கால் வலித்தால் இறங்கும்போது கொட்டிவிடலாம். நேரமிருந்தால் ஒரே காலையில் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். பத்துகாணிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காளிமலை இருக்கிறது, நீளமான ஏற்றம் வேண்டுமென்றால் அதுவும் நல்ல பழக்கம். கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைப் பக்கத்துக் காடுகளில் மட்டும் அனுமதியில்லாமல் பயிற்சி என்று நுழைந்துவிடாதீர்கள். அது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், யானை நடமாடும் இடம்.

இறக்கத்தையும் பழகுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மறுநாள் தொடைக் கடுப்பைக் கொண்டுவருவது இறக்கம்தான். இறங்கும்போது தொடைச்சதை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத சதையில் அதனால் வரும் வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். அதனால் கடைசிக் கடுமையான பயிற்சியைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு, மிச்ச நாட்களில் லேசான நடை போதும்.

இடைநாட்களில் வீட்டு மாடிப்படி, அலுவலகப் படி எதுவானாலும் சரி. சமதளத்தில் பத்து கிலோமீட்டர் நடப்பவர்கள்கூட ஏற்றத்தில் திணறுவதுண்டு. ஏற்றத்துக்கு ஏற்றமே பழக்கம்.

நேரத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் "காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று தொடங்குகிறார்கள். முகாமிலிருந்து தொடங்குங்கள். ஜனவரி, பிப்ரவரியில் நம் பக்கம் சூரியன் மறைவது ஆறேகால், ஆறரை மணி. ஆனால் அடர்ந்த காட்டுக்குள் ஐந்து மணிக்கே மங்கிவிடும், யானையும் காட்டு மாடும் அந்த நேரத்தில்தான் அதிகமாக நடமாடும். ஆகவே நான்கு மணிக்குள் முகாம் என்பது கண்டிப்பான எல்லை. மூன்று, மூன்றரை என்பதை இலக்காக வைத்தால்தான் நான்கு மணியைக் காப்பாற்ற முடியும்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட, 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன சூத்திரம் இன்றைக்கும் உதவும். மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். போனக்காடு பிக்கெட் ஸ்டேஷனிலிருந்து (வனத்துறைச் சோதனைச் சாவடி) அதிருமலை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் என்று வையுங்கள், மூன்று மணி நேரம். ஏற்றத்துக்கு உத்தேசமாக ஒரு மணி நேரம். ஆக நான்கு. ஆனால் இது கட்டான உடம்புள்ளவர் நல்ல பாதையில் நடக்கும் கணக்கு. பை சுமந்த, கலவையான குழுவுக்குக் காட்டுப் பாதையில் இதை ஒன்றரையால் பெருக்குங்கள்: ஆறு மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, ஓடையில் தண்ணீர் பிடிப்பது எல்லாம் சேர்த்து இன்னொரு மணி. மொத்தம் ஏழு. மூன்றரைக்கு முகாம் வேண்டுமென்றால் எட்டரைக்கு முதல் அடி எடுத்து வைத்தாக வேண்டும்.

எட்டரைக்கு நடக்க வேண்டுமென்றால் பதிவு, பை சோதனை எல்லாவற்றுக்கும் ஏழரைக்கே பிக்கெட் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்து வெள்ளறடை, காட்டாக்கடை, ஆரியநாடு வழியாக விதுரா போய்விடலாம், நாகர்கோவில்காரர்கள் திருவனந்தபுரம், நெடுமங்காடு வழியாகவும் போகலாம். நடுராத்திரி வண்டி பிடித்து விடியற்காலை சேர்வதுதான் பலருடைய திட்டம். நான் அதைச் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்ட உடம்போடு பதினைந்து கிலோமீட்டர் ஏற்றம் நடப்பது, இரண்டு கிலோ கூடுதலாகச் சுமப்பதை விட மோசம். முந்தைய நாள் சாயங்காலமே விதுராவிலோ நெடுமங்காட்டிலோ அறை எடுத்துப் படுங்கள். போனக்காட்டுக்குக் கேரள அரசுப் பேருந்து உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சில தடவைதான். குழுவாகப் போனால் ஜீப் பேசிவிடுவது நிம்மதி. கடைசிப் பகுதி தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் மோசமான மலைச்சாலை, தாழ்வான கார் வேண்டாம்.

பை: பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம்

உடல் எடையில் ஆறில் ஒரு பங்குதான் அளவு. அறுபது கிலோ ஆள் என்றால் பத்து. முகாமில் கூரையும் சாப்பாடும் கிடைப்பதால் கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை. எட்டு கிலோவில் முடித்தால் இன்னும் நல்லது. 40 லிட்டர் முதுகுப்பை தாராளம். பெரிய பையை வாங்கினால் அதை நிரப்பாமல் யாராலும் இருக்க முடியாது.

என்ன வேண்டும்: படுக்கப் போர்வை அல்லது லேசான ஸ்லீப்பிங் பேக், முகாமில் போட ஒரு செட் உலர்ந்த துணி, கம்பளிச் சட்டை ஒன்று, மழைக்கோட்டு, மூன்று ஜோடி காலுறை, தலையில் மாட்டும் டார்ச், தொப்பி, செருப்பு, மருந்துப் பொட்டலம், சாப்பாடு, தண்ணீர். கம்பளிச் சட்டை எதற்கு என்று நினைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், அதோடு காற்றும் அடித்தால் நாகர்கோவில் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அந்த ராத்திரி நடுக்கத்தான் செய்யும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, தொடை உராயும்.

அடுக்கும் முறையை ஒரு தடவை வீட்டிலேயே செய்து பாருங்கள். அடியில் போர்வையும் இரவுத் துணியும். நடுவில், முதுகை ஒட்டி, கனமானவை: தண்ணீர், சாப்பாடு. அவற்றின் வெளிப்பக்கம் லேசான துணிகள். மேலே மழைக்கோட்டும் மருந்தும். கனம் முதுகெலும்பை விட்டு வெளியே தள்ளியிருந்தால் பை உங்களைப் பின்னால் இழுக்கும், செங்குத்தில் அதைச் சமாளிக்க முன்னால் குனிவீர்கள், அரை மணியில் இடுப்பு பிடித்துவிடும்.

மாட்டும்போது எல்லா வாரையும் முதலில் தளர்த்திவிடுங்கள். பையைத் தோளில் போட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து, இடுப்பு பெல்ட்டை இடுப்பெலும்பின் மேட்டுக்குச் சரியாக மேலே உட்காரவைத்து இறுக்குங்கள். வயிற்றில் அல்ல, எலும்பில். அதற்குப் பிறகு தோள் வார், அதுவும் தோளில் பை படியும் அளவுக்கு மட்டும். தோளுக்கு மேலே பையின் உச்சியோடு சேரும் சின்ன வாரை இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். கடைசியில் நெஞ்சு வார், மூச்சு விட இடம் வைத்து. சரியாக மாட்டியிருந்தால் தோள் வாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாகப் போகும், எடையில் பெரும்பங்கு இடுப்பில் நிற்கும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் சோதனை கடுமையாக இருக்கும், இருக்கவும் வேண்டும். ஸ்டீல் பாட்டில், துணிப்பை, டப்பா. பாக்கெட்டில் வரும் தின்பண்டங்களை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சிகரெட், மது, பூஜைப் பொருட்கள் எதற்கும் இடமில்லை.

கால்

புது ஷூவோடு வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் கவலையாக இருக்கும். குறைந்தது ஐம்பது கிலோமீட்டராவது அந்த ஷூவில் நடந்திருக்க வேண்டும். அரை அளவு பெரிதாக வாங்குங்கள், நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும். நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள், முந்தைய ராத்திரி ஒட்ட வெட்டினால் இறக்கத்தில் விரல்நுனி எரியும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துத் தோலை ஊறவைக்கும். கம்பளி கலந்ததோ செயற்கை நூலோ நல்லது.

குதிகாலில் லேசான சூடு, உறுத்தல் தெரிந்த நிமிடமே நில்லுங்கள். "அடுத்த ஓய்வில் பார்த்துக்கலாம்" என்று நடந்தால் அது கொப்புளமாகிவிடும். ஷூவைக் கழற்றி, அந்த இடத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட்டால் காலுறையில் மாட்டி உரியாது. காலுறைக்குள் ஒரு மணல் பருக்கைகூட இருக்கக் கூடாது, உதறிவிட்டுப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை, மூன்று நாள் பயணத்தைக் காப்பாற்றும்.

அட்டைக்கு: காய்ந்த பருவத்தில் குறைவு, ஆனால் ஓடைக்கரையிலும் ஈரச் சருகிலும் இருக்கும். பேன்டைக் காலுறைக்குள் சொருகுங்கள், சின்னத் துணியில் உப்பைக் கிழியாகக் கட்டி நனைத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் விஷம் ஒன்றுமில்லை. பிடித்து இழுக்காமல் உப்புக்கிழியால் தொட்டால் விழுந்துவிடும், ரத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்காது. பயப்பட வேண்டாம்.

சாப்பாடும் தண்ணீரும்

முந்தைய ராத்திரி வயிற்றுக்குப் பழகிய சோறு. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நமக்கு உயிர்தான், ஆனால் அந்த ராத்திரி வேண்டாம், காலையில் வயிறு கனக்கும். விடியற்காலையில் இட்லி, அவித்த ஏத்தம்பழம், நடக்கத் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு.

மத்தியானத்துக்குப் பொதிச்சோறு. வாட்டின வாழையிலையில் கட்டினால் குப்பையும் இல்லை, சோறும் கெடாது. எலுமிச்சைச் சோறோ புளிச்சோறோ, கூடத் துவையல். தேங்காய் அரைத்த கறி வெயிலில் நாலு மணி நேரம் தாங்காது. ஆனால் முதல் நாளை ஓட்டுவது மத்தியானச் சோறு இல்லை, இடையிடையே வாயில் போடும் தீனிதான். முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒரு கை அளவு. இதற்கு நம் மாவட்டத்து முந்திரிக்கொத்தை அடிக்க ஒன்றுமில்லை: சிறுபயறு மாவும் வெல்லமும் தேங்காயும், உடனே சக்தி தரும் இனிப்பும் நின்று தாங்கும் பயறும் ஒன்றாக. நசுங்காது, இரண்டு மூன்று நாள் கெடாது. கருப்பட்டித் துண்டு, கடலை, ஏத்தங்காய் வத்தல். வத்தலில் உப்பும் இருப்பதால் அது ஏற்றத்தில் ரொம்ப உதவி. மட்டிப்பழம் பைக்குள் கூழாகிவிடும், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீர் எப்போதும் இரண்டு லிட்டர் கையில். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் பதினைந்து இருபது நிமிடத்துக்கு இரண்டு மூன்று மடக்கு. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலைவலியும் குமட்டலும் வரும், கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். மத்தியானத்துக்கு மேல் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். ஆக இருக்கட்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைத்த பிறகு குடிப்பதே பாதுகாப்பு. இரண்டு பாட்டில் வைத்திருந்தால் ஒன்று ஊறும்போது மற்றதைக் குடிக்கலாம்.

சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர்மஞ்சள் என்றால் சரி, கடும் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை. மத்தியானம்வரை போகவே இல்லையென்றால் உட்கார்ந்து குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

பாதையை மூன்றாகப் பிரியுங்கள்

பிக்கெட் ஸ்டேஷனிலிருந்து கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டிப் போகும் முதல் பகுதி நிழலான காடு. மெதுவான ஏற்ற இறக்கம், குளிர்ச்சி, உற்சாகமான பேச்சு. ஆபத்தே இந்தச் சுகத்தில்தான். கால் தானாக வேகம் பிடிக்கும். முதல் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். தூரத்தில் பெரும்பகுதி அட்டையாற்றோடு முடிந்துவிடும், ஏற்றத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்கும். இதைத் தெரியாதவர்கள் அட்டையாற்றில் "பாதிக்கு மேல் வந்தாச்சு" என்று சந்தோஷப்படுவார்கள்.

அட்டையாற்றைப் பன்னிரண்டு மணிக்குள் தொட்டு, அங்கே பொதிச்சோற்றை அளவாகச் சாப்பிட்டு, எல்லாப் பாட்டிலையும் நிரப்பி, முகத்தையும் பிடரியையும் நனைத்துக்கொண்டு கிளம்புங்கள். அரை மணிக்கு மேல் உட்கார வேண்டாம், உடம்பு இறுகிவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் நரகம்.

இரண்டாம் பகுதி ஏழுமடக்குத் தேரி (தேரி என்றால் இங்கே மேட்டு ஏற்றம்). புல்வெளி, வளைந்து வளைந்து ஏறும் பாதை, தலைக்கு மேல் வெயில். உச்சிவெயிலைத் தவிர்க்கவே முடியாத நேரக் கணக்கு இது. தொப்பி, நீளக்கைச் சட்டை, நனைத்த துண்டு கழுத்தில். நிழல் தரும் ஒற்றை மரம் வரும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று குடித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது முட்டிடிச்சான் தேரி. மறுபடி காட்டுக்குள் நுழைந்து செங்குத்தாக ஏறும். வேரும் கல்லும் படியாக அமைந்த இடங்களில் முழங்கால் நெஞ்சுவரை வரும். நாள் முழுக்கச் சேர்த்துவைத்த சக்தியை இங்கேதான் செலவழிக்க வேண்டும்.

செங்குத்தில் நடக்கும் முறை

அடியைப் பாதியாகக் குறையுங்கள். ஓர் உயரமான படிக்குப் பக்கத்தில் பாதி உயரத்தில் ஒரு கல் இருந்தால் அதில் கால் வைத்து இரண்டு அடியாக ஏறுங்கள். ஒரு பெரிய எட்டு தொடையிலிருந்து எடுக்கும் சக்தி, இரண்டு சின்ன எட்டை விட அதிகம். முழுப் பாதத்தையும் பதியுங்கள், நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ரொம்பச் செங்குத்தான இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு நொடி ஓய்வு எடுக்கலாம். பின்காலை முழங்கால் மடங்காமல் நேராக நிறுத்தி, எடை முழுவதையும் அதன் எலும்பில் இறக்கி, முன்காலைத் தளர்வாக வைத்து ஒரு மூச்சு. பிறகு எடையை முன்காலுக்கு மாற்றி அடுத்த அடி. பார்க்க ஆமைவேகம்தான், ஆனால் நிற்காமல் ஒரு மணி நேரம் இப்படி ஏறலாம். வழிகாட்டியாக வரும் காணிக்காரர்களின் (இந்த மலைக்காட்டுப் பழங்குடியினர்) நடையைக் கவனியுங்கள். சமதளத்திலும் ஏற்றத்திலும் அவர்களுடைய தாளம் மாறாது, அடியின் நீளம்தான் மாறும். "மெதுவா வாங்கண்ணே, எங்கயும் போயிராது மலை" என்று அவர்கள் சொன்னால் அப்படியே கேளுங்கள்.

வேகம் சரிதானா என்று அறிய, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். இந்த மலையில் மூச்சு வாங்குவதற்கு உயரத்தைக் குறை சொல்ல முடியாது. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். இங்கே மூச்சிரைக்கிறது என்றால் ஒன்று வேகம், இல்லை பழக்கம் போதாது, இல்லை இதயம் ஏதோ சொல்கிறது.

காட்டுப் பகுதியில் ஐம்பது நிமிட நடைக்கு ஐந்து, பத்து நிமிட ஓய்வு. செங்குத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, பையைக் கழற்றாமல் மரத்தில் சாய்ந்து இரண்டு நிமிடம் போதும். ஊன்றி நடக்கும் மடக்குக் கம்பு இரண்டு இருந்தால் ஏற்றத்தில் கொஞ்சம் குட்டையாகவும் இறக்கத்தில் நீளமாகவும் வையுங்கள். வேரைப் பிடித்து ஏற வேண்டிய இடத்தில் கம்பை மடக்கிப் பையில் சொருகிவிடுங்கள்.

குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னால், வழிகாட்டிக்கு அடுத்தபடி. வலுவானவர் கடைசியில். இதை எல்லாக் குழுக்களும் தலைகீழாகச் செய்கிறார்கள். முன்னால் போன வேகமானவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுத்திருப்பார்கள், பின்னால் தள்ளாடி வருகிறவர் சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைத்திருக்காது. யானைக் காட்டில் குழு பிரிவது அதைவிட ஆபத்து. வழிகாட்டி கையைத் தூக்கினால் பேச்சை நிறுத்தி அப்படியே நில்லுங்கள், செல்போனை எடுக்காதீர்கள்.

திரும்புவதென்றால் எங்கே

இதை வீட்டில் இருக்கும்போதே பேசி முடிவு செய்ய வேண்டும். பாதையில் வண்டி வராது, செல்போன் சிக்னலை நம்ப முடியாது, முடியாமல் போனவரை மனிதர்கள்தான் சுமந்து இறக்க வேண்டும். அதனால் சந்தேகம் வந்தால் அட்டையாற்றுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. அங்கே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லார் முன்னாலும் "யாருக்காவது முடியலையா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, ஓய்வெடுத்தும் அடங்காத படபடப்பு: ஏற்றம் அதோடு முடிந்தது, உடனே வழிகாட்டியிடம் சொல்லுங்கள். பேச்சு குழறுவது, தடுமாறுவது, உடம்பு நெருப்பாகச் சுடுவது வெப்பத்தாக்கத்தின் அறிகுறி. நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றி விசிறி, உடம்பைக் குளிர்விப்பதுதான் முதல் வேலை. இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம், கருப்பட்டி அவர்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், அது யாருக்குத் தேவை என்று குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். மலையில் மழை பெய்து ஓடை கலங்கிப் பெருகினால் வழிகாட்டி சரி என்று சொல்லும்வரை இறங்க வேண்டாம்.

திரும்புகிறவர் ஒருபோதும் தனியாகத் திரும்பக் கூடாது. யார் கூடப் போவார் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவரிடம் பெயர்ப் பட்டியல், திரும்பும் நாள், எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் வனத்துறையைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதிருமலையில் முதல் ஒரு மணி நேரம்

சேர்ந்ததும் பையை இறக்கிவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். ஒரு மணி நேரம் பொறுங்கள். முதலில் வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றுங்கள், காற்று பட்டால் நடுக்கம் தொடங்கிவிடும். ஷூவைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், அட்டைக்கடி எல்லாம் பாருங்கள். ஈரக் காலுறையைக் கொடியில் போட்டு உலர்ந்ததை மாட்டுங்கள். தொடையையும் கெண்டைக்காலையும் ஐந்து நிமிடம் மெதுவாக நீட்டிவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் முந்திரிக்கொத்து. அதற்குப் பிறகு படுக்கலாம்.

சாயங்காலம் முகாமில் சூடான கஞ்சி கிடைக்கும். பசியில்லை என்று தட்டாதீர்கள், களைத்த உடம்புக்குப் பசி தெரியாது. உப்பும் தண்ணீரும் மாவுச்சத்தும் ஒரே தட்டில் அதில் இருக்கிறது. முகாமைச் சுற்றி யானைக்காக வெட்டியிருக்கும் அகழியைத் தாண்டி இருட்டில் போகாதீர்கள், ஒதுங்கப் போனாலும் துணையோடும் டார்ச்சோடும்.

படுப்பதற்கு முன் மறுநாள் வேலையை முடித்துவிடுங்கள். பெரிய பை முகாமிலேயே இருக்கும், உச்சிக்கு ஒரு சின்னப் பை போதும்: இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, டேப், டார்ச், தீனி. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது, உச்சியைத் தொடாவிட்டாலும் எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்பதை வழிகாட்டியிடம் கேட்டுக் குழு முழுவதற்கும் சொல்லிவிடுங்கள். உச்சிக்குப் போகும் வழியில் உள்ள பொங்காலப்பாறைக்கு மேல் கயிறு பிடித்து ஏறும் இடங்களில் வரிசை நிற்க வேண்டியிருக்கும், அதனால் முதல் குழுவோடு கிளம்பப் பாருங்கள். டார்ச்சையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எட்டரைக்குள் படுத்துவிடுங்கள்.